முறுக்கு டின்னும் மாமன் பட்டமும்

தங்கத்தை முறுக்குக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு, அந்த முறுக்கை ஊருக்கெல்லாம் தூக்கிக் கொடுத்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்துத் திட்டுவதைவிட, இப்போதே திட்டிவிட்டு மேலே படிப்பது நம் இருவருக்கும் வசதி.

இத்தனைக்கும் நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன். அடுத்தவன் சரக்கை மூட்டை எண்ணி, சீட்டு ஒட்டி, கௌஹாத்திவரை பத்திரமாக அனுப்பியிருக்கிறேன். சொந்தச் சரக்கு என்று வாழ்க்கையில் ஒன்றே ஒன்றை ஏற்றினேன். அதன் கதைதான் இது.

என் தங்கச்சி சரோஜா, தூரத்து உறவில் கட்டிக்கொண்டு மலேசியா போனவள். கோலா சிலாங்கூர் மாவட்டத்தில் பெஸ்தாரி ஜெயாவில் இருக்கிறாள். அவளுடைய ஒரே மகள் தர்ஷினிக்குக் கல்யாணம். போனில் அவள் தெளிவாகத்தான் சொன்னாள்.

“அண்ணே, ஒண்ணும் கொண்டாராத. இங்க எல்லாமே கெடைக்கும். அம்மாவோட தோடு இருக்குல்ல, அத உருக்கி மாமன் பட்டம் மட்டும் செஞ்சு கொண்டா. நீயே வந்து கட்டணும். அது போதும்.”

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாலிக்கு முன்னால் தாய்மாமன் மேடையேறி, மெல்லிய தங்கத் தகடு ஒன்றை நூலில் கோத்துப் பெண்ணின் நெற்றியில் கட்டுவான். விரல் அகலம்கூட இராது. ஊதினால் பறக்கும். ஆனால் அதைக் கட்ட ஆள் வராவிட்டால், பெண்ணைப் பெற்றவள் பிறந்த வீடே இல்லாதவள்போல நிற்க வேண்டும். தர்ஷினியின் மஞ்சள் நீராட்டின்போது என் பாஸ்போர்ட் வந்து சேரவில்லை. மாமன் இடத்தில், ‘லோரி அண்ணன்’ என்று தெருவே கூப்பிடுகிற பக்கத்து வீட்டுக்காரர் நின்று சீர் செய்தார். அந்தப் படத்தைச் சரோஜா எனக்கு அனுப்பினாள். கீழே ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. எழுதியிருந்தால் தேவலை.

ஆகையால் இந்தத் தடவை மூட்டை கட்டுவதில் குறை வைக்கக்கூடாது என்று முடிவு செய்தேன். தங்கச்சி ‘ஒண்ணும் கொண்டாராத’ என்று சொன்னால், நாமக்கல்லில் அதைக் கேட்டு எவனும் வெறுங்கையோடு போகமாட்டான். விரலி மஞ்சள், குங்குமம், வெல்லம், கொல்லிமலை மிளகு, செக்கு நல்லெண்ணெய், நார்த்தங்காய் ஊறுகாய், வேட்டிகள், ஐந்து தகர டின் நிறைய முறுக்கு. முட்டையும் எடுக்கலாமா என்று யோசித்தேன்.

“கோழிய விட்டுட்டீங்களே” என்றாள் என் மனைவி மல்லிகா.

எடை பார்க்கத் தெருமுனைப் பழைய பேப்பர் கடைக்காரரைத் தொங்கு தராசோடு கூப்பிட்டு வந்தேன். அவர் பெட்டியைக் கொக்கியில் மாட்டி, மூச்சுப் பிடித்துத் தூக்கி, முள்ளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“சார், நாலு கிலோ கூட இருக்குது. எங்கிட்டயே போட்டுருங்க. நல்ல ரேட்டாத் தர்றேன்.”

நல்லெண்ணெயும் வெல்லமும் வெளியே வந்தன. முறுக்கில் கை வைக்க நான் விடவில்லை.

பட்டம் மட்டும்தான் எடையே இல்லாத சாமான். அதுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. ஆசாரி ரோஸ் நிறக் காகிதத்தில் மடித்துக் கொடுத்ததை முதலில் பனியனில் தைத்த உள்பையில் வைத்தேன். வியர்வை பட்டுக் கசங்கிவிடும் என்று தோன்றியது. சவரப் பெட்டிக்கு மாற்றினேன். ஏர்போர்ட்டில் பிளேடைப் பிடுங்கும்போது பெட்டியையே பிடுங்கிக்கொண்டால்? கிளம்பும் நாள் காலையில் மல்லிகா குளிக்கப் போனாள். அந்த நேரம் பார்த்து ஒரு முறுக்கு டின்னைத் திறந்து, எண்ணெய் உறிஞ்ச அடியில் விரித்திருந்த செய்தித்தாளுக்கும் கீழே சொருகினேன். திருடன் எவனும் முறுக்குக்கு அடியில் கை விடமாட்டான் என்பது என் ஆராய்ச்சி. ரகசியம் என்றால் யாரிடமும் சொல்லக்கூடாது அல்லவா? மல்லிகாவிடம் சொல்லவில்லை. போகிற அவசரத்தில் எனக்கே சொல்லிக்கொள்ளாமல் விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை போய் இறங்கினோம். சுங்கத்தில் முக்காடு போட்ட ஓர் அம்மா பெட்டியைத் திறக்கச் சொன்னார். டின்னைத் தட்டிப் பார்த்து, மலாயில் ஏதோ சொல்லிச் சிரித்தார். பின்னால் நின்ற தமிழ்ப் பையன் மொழிபெயர்த்தான்: “அவங்க வீட்டுப் பக்கத்துக் கடையிலயே முறுக்கு விக்குதாம். இவ்ளோ தூரம் தூக்கிட்டு வந்தது பாவமாம்.” என் பெட்டியை மூட அவரே உதவினார்.

வெளியே ஒரு பழைய வேனோடு லோரி அண்ணன் காத்திருந்தார். என்னைவிட எட்டுப் பத்து வயது மூத்தவர். தோட்டங்களிலிருந்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லாரியைக் காலமெல்லாம் ஓட்டியவர். இவர்கள் ஊரில் லாரிக்கு லோரி; அந்தப் பெயர் அவரோடேயே தங்கிவிட்டது. பேச்சு குறைவு. வாயைத் திறந்தால் டீசல் வண்டி கிளம்புகிற மாதிரி முதலில் ஓர் உறுமல் வரும், பிறகுதான் வார்த்தை.

“நாமக்கலா? லோரிக்கு பாடி கட்டுற ஊருதான?”

“ஆமாங்கண்ணே.”

“ம்.” கொஞ்ச தூரம் போனபின் சட்டைப் பையிலிருந்து சின்ன உறை ஒன்றை எடுத்துக் காட்டினார். உள்ளே ஒரு தங்கப் பட்டம். “கிள்ளான் டவுன்ல செஞ்சது. நீங்க வராட்டின்னு.”

“அதான் வந்துட்டேனே அண்ணே.”

“வந்துட்டீங்க” என்று சொல்லி, உறையைப் பத்திரமாகப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

வழியெல்லாம் செம்பனை. வலது பக்கம் பார்த்துச் சலித்து இடது பக்கம் திரும்பினால் அங்கேயும் அதுவே நின்றது. எங்கள் ஊரில் பத்து நிமிஷம் பஸ்ஸில் போனால் பாறை, கரடு, கோழிப்பண்ணை, இன்ஜினியரிங் காலேஜ் என்று மாறிக்கொண்டே இருக்கும். இங்கே மாறியது சாலையோரக் கடைகளின் பலகை மட்டும்தான்.

சரோஜாவின் வீடு, தாமான் என்று இவர்கள் சொல்கிற வரிசை வீடுகளில் ஒன்று. ஒரே தோட்டத்து லயத்தில் சுவரோடு சுவராக இருந்தவர்கள், தோட்டம் கைமாறியதும் இங்கே வந்து மறுபடியும் சுவரோடு சுவராக வாழ்கிறார்கள். வாசலில் கூடாரம் போட்டிருந்தது. சாயங்காலம் ‘இந்தியா மாமா’வைப் பார்க்க உறவெல்லாம் வந்துவிட்டது. ஒரு கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். இந்த மாதிரி நேரத்தில் மனிதனுக்கு வள்ளல் ஆகத் தோன்றும். மல்லிகா குளியலறையில் இருந்தாள். சரோஜா அடுப்படியில் இருந்தாள். நான் பெட்டியைத் திறந்தேன்.

“எங்க ஊர் முறுக்கு. எடுத்துக்குங்க, எடுத்துக்குங்க.”

தஞ்சோங் காராங்கிலிருந்து வந்திருந்த, சரோஜா வீட்டுக்காரரின் அக்கா பார்வதிக்கு ஒரு டின். அவர்களுடைய பெரியப்பா மகன் குமாருக்கு ஒன்று. மாப்பிள்ளையின் அம்மா மரியாதைக்கு எட்டிப் பார்த்தார்; சம்பந்தி ஆயிற்றே, அவருக்கு ஒன்று. லோரி அண்ணனுக்கு ஒன்று. மிச்சம் ஒன்று சரோஜா வீட்டுக்கு. என் வாழ்நாளில் அவ்வளவு கைத்தட்டல் வாங்கியதில்லை.

சனிக்கிழமை காலை மல்லிகா சீர்த்தட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, பட்டத்த எடுங்க. தட்டுல வைக்கணும்.”

கை தானாகப் பனியனுக்குள் போனது. பிறகு சவரப் பெட்டிக்கு. மூன்றாவதாக எங்கே போவது என்று கைக்குத் தெரியாமல் அந்தரத்தில் நின்றது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. அடுப்படிக்கு ஓடி, அங்கிருந்த டின்னை ஒரு தாம்பாளத்தில் கவிழ்த்தேன். முறுக்கு கொட்டியது. செய்தித்தாள் விழுந்தது. வேறு எதுவும் விழவில்லை.

சரோஜா பார்த்துவிட்டாள். “என்ன அண்ணே, இவ்ளோ பசியா? ரொட்டி சானாய் வாங்கியாந்திருக்கு. பசியாற வா லா.”

மல்லிகாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். அவள் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“அத்தையோட தோடு” என்றாள்.

“ம்.”

“முறுக்குக்குள்ள.”

“ம்.”

“கடையில வேற வாங்கலாம்னு நெனைக்காதீங்க. அது தோடுல செஞ்சதுங்கிறதுக்காகத்தான் அவ கேட்டா. இந்தத் தடவ எங்கண்ணன் கட்டுவான்னு தெருவெல்லாம் சொல்லி வச்சிருக்கா. அவளுக்குத் தெரியக்கூடாது. போங்க. வீடு வீடாப் போயி முறுக்கு கேளுங்க.”

போவதற்கு வண்டி வேண்டும். வண்டி இருப்பது லோரி அண்ணனிடம். என்ன இருந்தாலும் எனக்குப் பதிலாகப் பட்டம் வைத்துக்கொண்டு காத்திருப்பவர்; அவரிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

“அண்ணே, நாளைக்குக் கல்யாணக் கூட்டத்துல பேச முடியாது. சொந்தக்காரங்க வீட்டுக்கெல்லாம் ஒரு எட்டுப் போயிட்டு வந்துடலாமா? அப்புறம், அந்த முறுக்கு எப்படி இருக்குன்னு கேட்டுக்கலாம்.”

“முறுக்கா?”

“முறுக்குதான்.”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சட்டைப் பையை ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு வேனை எடுத்தார். முன்கண்ணாடிக்குக் கீழே அவருக்குக் கொடுத்த டின் இருந்தது. உள்ளே பார்க்கிங் சில்லறை.

“உங்க முறுக்கு என்ன ஆச்சுங்கண்ணே?”

“பேரப்பிள்ளைங்க. ராத்திரியே காலி.”

உள்ளே ஏதாவது கிடைத்திருந்தால் சொல்லியிருப்பார்; ஒரு டின் கழிந்தது என்று மனசுக்குள் அடித்துக்கொண்டேன். மிச்சம் மூன்று.

தஞ்சோங் காராங்கில் வயல் பச்சைப்பசேல் என்று வானம்வரை போகிறது. காவிரிப் பாசனத்தைப் பார்த்தவனாக நானும் ஏதோ விமர்சனம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பார்வதி அக்கா உட்காரவைத்து நாசி லெமாக் வைத்துவிட்டார். தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி, வேர்க்கடலை, காரச் சம்பல், அரை முட்டை. முட்டையைப் பார்த்ததும் சொந்த ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது.

“அக்கா, முறுக்கு இருக்குங்களா?”

“நீங்க கொண்டாந்ததுதான் இருக்கு.”

“அதேதான்.”

அவர் மேலிருந்து இரண்டு எடுத்துத் தட்டில் வைத்தார். எனக்கு வேண்டியதோ அடி. “அக்கா, எனக்கு முறுக்கவிட அடியில இருக்குற தூள்தான் ரொம்பப் பிடிக்கும்” என்றேன். மனிதன் எவ்வளவு தூரம் இறங்குவான் என்பதற்கு அளவே கிடையாது. டின்னை வாங்கி, கையை முழங்கைவரை விட்டு, காகிதத்தைத் தூக்கித் தடவினேன். தூள் மட்டும் வந்தது. சொன்ன வாய்க்காக அதை அள்ளித் தின்றேன்.

பார்வதி அக்கா கதவோரம் லோரி அண்ணனிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. “பாவம்ணே. அங்க முறுக்குக்கு ரொம்பக் கஷ்டம் போல.”

“ம்” என்றார் லோரி அண்ணன்.

கிளம்பும்போது அக்கா என்னிடம் சொன்னார்: “சரோஜா பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனது இவரு லோரிலதான், தெரியுமா? வழியில மழ. குலைய எறக்கிட்டு அவள ஏத்துனாரு.” எனக்குத் தெரியாது. லோரி அண்ணன் அதற்குள் வேனுக்குப் போய்விட்டார்.

அடுத்தது குமார். அவன் ஈப்போவிலிருந்து வந்த விருந்தாளிகளைக் கோலா சிலாங்கூர் மலைக்கு அழைத்துப் போயிருந்தான். போகிற வழியில் செம்பனை லாரி ஒன்று முன்னால் ஊர்ந்தது. முந்தலாமே என்றேன். “குலை வண்டிய முந்துனா அடுத்த திருப்பத்துல மன்னிப்புக் கேக்கணும்” என்றார் லோரி அண்ணன். லாரிக்காரர்கள் எந்த நாட்டிலும் ஒரே சாதிதான் என்று புரிந்தது.

மலையில் பீரங்கி, கலங்கரை விளக்கம், குரங்குகள். கறுப்புக் குரங்குகள் சாது. பழுப்புக் குரங்குகள் அப்படியில்லை. குமார் டின்னைத் திறந்து விருந்தாளிகளுக்கு நீட்டிக்கொண்டிருந்தான். நான் “குமாரு, அந்த டின்ன மூடு” என்று கத்தவும், ஒரு பழுப்பு வந்து டின்னைத் தட்டவும் சரியாக இருந்தது. டின் படிக்கட்டில் உருண்டது. முறுக்குக்குப் பின்னால் குரங்குகள் ஓடின. டின்னுக்குப் பின்னால் நான் ஓடினேன். புல் சரிவில் குப்புற விழுந்து அதைக் கட்டிப் பிடித்தேன். காகிதம் உள்ளேயே இருந்தது. உருவி உதறினேன். ஒன்றும் இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு குட்டியும் அந்தக் காகிதத்தை அக்கறையாக எட்டிப் பார்த்தது.

ஈப்போ விருந்தாளிகள் படம் எடுத்தார்கள். ஒரு சீனத் தம்பதி ஏதோ பேசிக்கொண்டது. குமார் அதைச் சொல்லத் தயங்கினான். வற்புறுத்தினேன். “அந்த மாமாவுக்கு சாப்பாடு வாங்கிக் குடுக்கலாமான்னு கேக்கறாங்க.”

மிச்சம் ஒரே ஒரு டின். சம்பந்தி வீடு, புஞ்சாக் ஆலாம். மாப்பிள்ளையின் அம்மா அங்கே பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். யாழ்ப்பாணத்துப் பரம்பரை. வீட்டுக்குள் புத்தகங்கள் வரிசையாக நிற்கின்றன, செருப்புகள்கூட வரிசையாக நிற்கின்றன. என் செருப்பையும் நேராக்கி விட்டேன்.

“வாங்கோ, இருங்கோ. தேத்தண்ணி குடியுங்கோ” என்றார். முறுக்கு கண்ணாடிக் கிண்ணத்தில் வந்தது. டின் எங்கே என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். கழுவிக் கவிழ்த்திருந்தது.

“அம்மா, டின்ல ஒரு பேப்பர் இருந்திருக்குமே?”

“எண்ணெய்ப் பேப்பர்தானே? எடுத்துப்போட்டன். ஏன்?”

என்ன சொல்வது? நாளைக்கு மறுநாளும் இவர் சம்பந்திதான். “அது எங்க ஊர் பேப்பருங்க. ஒரு செய்தி பாதி படிச்சேன். மீதி அதுல இருக்குது.”

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார். படிக்கிற ஆர்வத்தை மதிக்கிற குடும்பம். உள்ளே போய், தனியாகச் சேர்த்து வைத்திருந்த பழைய தாள் கட்டிலிருந்து அதை எடுத்து வந்து நீட்டினார். ஒற்றைத் தாள். இரண்டு பக்கமும் திருப்பினேன். பட்டம் இல்லை. அவர் காத்திருந்ததால் படிக்கவேண்டியதாயிற்று. நாமக்கல் முட்டை விலை ஐந்து காசு குறைந்திருந்தது.

“துக்கமான செய்தியோ?” என்று கேட்டார் அவர். என் முகம் அப்படி இருந்திருக்கும்.

“ஆமாங்க” என்றேன். லோரி அண்ணன் தேத்தண்ணிக் கோப்பைக்குள் இருமினார்.

  திரும்பும் வழியெல்லாம் வேனில் டின்னுக்குள் சில்லறை குலுங்கிக்கொண்டே வந்தது.

ஞாயிறு காலை, கோலா சிலாங்கூரில் கோயில் மண்டபம். எப்படியாவது சரோஜாவிடம் சொல்லிவிடுவது என்று போனேன். அவள் யாரோ நாலு பெண்களிடம் என்னைக் காட்டி, “எங்கண்ணன். பட்டம் கட்டத்தான் வந்திருக்கு” என்றாள். நான் அந்த நாலு பெண்களுக்கும் ஒரு கும்பிடு போட்டேன்.

“தாய்மாமன் வாங்க” என்று ஐயர் கூப்பிட்டார். சரோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடையோரம் வந்து நின்றாள். தர்ஷினி நெற்றியை நிமிர்த்திக் காத்திருந்தாள். மல்லிகா தரையைப் பார்த்தாள். வெறுங்கையோடு படியேறினேன். லோரி அண்ணனைக் கூப்பிட்டு, நீங்களே கட்டுங்கள் என்று சொல்லிவிடுவதுதான் என் திட்டம். திரும்பினால் அவரே பின்னால் நின்றார்.

“தம்பி, துண்டச் சரியாப் போடுங்க” என்று என் தோளைத் தொட்டு, இன்னொரு கையால் என் உள்ளங்கையில் எதையோ அழுத்தினார்.

ரோஸ் நிறக் காகிதம். எண்ணெய்க் கறை. ஓரத்தில் ஓர் எள் ஒட்டியிருந்தது.

எப்படிக் கட்டினேன் என்று தெரியவில்லை. முடிச்சு இரண்டு முறை நழுவியது. தர்ஷினி உதடு அசையாமல் சொன்னாள். “ரிலேக்ஸ் லா மாமா. ஆனா ஏன் முறுக்கு வாசம் வருது?”

கட்டி முடித்ததும் லோரி அண்ணன் கீழே இறங்கப் பார்த்தார். கையைப் பிடித்துக்கொண்டேன். “அண்ணே, நீங்களும் கட்டுங்க.” அவர் மாட்டேன் என்று தலையாட்டினார். சரோஜா மேடைக்குக் கீழிருந்து, “கட்டுண்ணே” என்றாள். என்னை அழைக்கிற அதே குரல். அவர் சட்டைப் பையிலிருந்து கிள்ளான் பட்டத்தை எடுத்து, என்னுடையதற்குக் கீழே கட்டினார். அவர் போட்ட முடிச்சு ஒரே தடவையில் நின்றது.

பந்தியில் பார்த்தால் பாதிக் கூட்டம் எனக்குத் தெரிந்த முகம். முந்தாநாள் வந்தவனுக்கு இது எப்படி வாய்த்தது என்று யோசித்தேன். “முறுக்கு மாமா” என்று பிள்ளைகள் கூப்பிட்டார்கள். ஈப்போக்காரர்கள் குரங்குப் படத்தைச் சுற்றுக்கு விட்டிருந்தார்கள். பார்வதி அக்கா ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தார். தூள். சம்பந்தி அம்மா வந்து, முட்டை விலை சீக்கிரம் ஏறும் என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்து இலையில் லோரி அண்ணன் ரசத்துக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“அண்ணே, அது எப்பக் கெடச்சுது?”

“வெள்ளிக்கிழம. டின் காலியானப்ப.”

“அப்புறம் நேத்துப் பூரா வேன் ஓட்டுனீங்களே. தஞ்சோங் காராங், மலை, புஞ்சாக் ஆலாம்னு. குரங்கோட சண்ட போட்டேன். சம்பந்தி வீட்டுல முட்டை வெல படிச்சேன். பட்டம் உங்க பையிலயே இருந்துச்சு. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?”

அவர் பிசைவதை நிறுத்தவில்லை. முதலில் அந்த உறுமல் வந்தது.

“நீங்க முறுக்குதான கேட்டீங்க, தம்பி.”